கொண்டல் மட்டும் போதாது

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கொண்டல் காற்று வெறுங்கையோடு மதுரைக்குள் நுழைவதில்லை. அகில், துகில், சந்தனம், கற்பூரம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வருகிறது. அந்தச் சரக்கைக் கப்பல் கூட்டத்தில் ஏற்றி அனுப்பியவர்கள் தொண்டியோர் என்கிறார் இளங்கோ. சங்கப் பாடல்களில் பெரிதும் பேசப்படும் தொண்டி மேற்குக் கரையிலிருந்த சேரர் துறைமுகம். ஆனால் கொண்டல் கிழக்கிலிருந்து வீசும் காற்று. அது மதுரைக்குக் கொண்டுவந்த சரக்கு கீழைக் கரையில் இறங்கியதாகக் கொள்வதே பொருந்தும். ஆகவே இந்தப் பெருமையை இன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் விரிகுடாவின் ஓரத்தில் ஒரு பேரூராட்சியாக இருக்கும் தொண்டிக்கு எழுதிவைப்பதில் தவறில்லை. ஒரு காலத்தில் காற்றைக் காசாக்கத் தெரிந்த ஊர் அது. இன்று காற்றையும் வெயிலையும் மின்சாரமாக்குவதில் தமிழ்நாடு இந்தியாவின் முன்வரிசையில் நிற்கிறது. காற்றுக்கும் வெயிலுக்கும் குறைவில்லாத தொண்டிக் கரை அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது? இதற்கான விடையை வானிலை ஏட்டில் தேடிப் பயனில்லை. வணிகர் சங்கங்களின் வரலாற்றில் தேட வேண்டும். காற்று இயற்கை தருவது. அதை ஓர் ஊரின் சொத்தாக்குவது, அந்த ஊரின் தொழில்செய்வோர் கூடிக் கேட்டு வாங்கும் விதிமுறை.

பாய்மரக் காலத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம் என்று இந்தக் கரையில் ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் தனிப் பெயர் உண்டு. எந்தக் காற்றில் இலங்கைக்குப் பாய் விரிப்பது, எந்தக் காற்றில் திரும்புவது, எந்த மாதங்களில் தோணியைக் கரையேற்றிவைப்பது என்பது இங்கே பிழைப்புக்கான பஞ்சாங்கம். ஆனால் காற்றை அறிந்திருப்பது மாலுமிக்குப் போதும், வணிகத்துக்குப் போதாது. சரக்கு மாதக்கணக்கில் காற்றுக்காகக் காத்திருக்கும். அதற்குக் கிட்டங்கி வேண்டும், கடன் வேண்டும், துறையில் நிலையான தீர்வை வேண்டும். இவற்றைத் தனியொருவர் ஏற்படுத்த முடியாது. தொண்டிக்கு வடக்கே அதே கரையில் உள்ள தீர்த்தாண்டதானத்தில் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பாண்டியர் காலக் கல்வெட்டு இருக்கிறது. அஞ்சுவண்ணத்தார், மணிக்கிராமத்தார், கைக்கோளர், வாணியர் எனப் பல வணிக, தொழில் குழுவினர் ஒன்றுகூடி, தங்கள் சரக்குகளின் மீது தாங்களே ஒரு வரி விதித்துக்கொண்டு கோயில் திருப்பணிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டதை அது சொல்கிறது. கடல் வணிகத்தில் ஈடுபட்ட முஸ்லிம் வணிகரையும் உள்ளடக்கிய அமைப்பாக அஞ்சுவண்ணத்தை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேறு வேறு சமயத்தார், வேறு வேறு தொழிலினர், தங்களுக்குள் போட்டி உள்ளவர்கள். அவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து பொதுவான ஒரு விதியை வகுத்து அதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். இந்தக் கரையில் தொழிலினர் கூடிப் பொதுநிதி திரட்டும் வழக்கத்துக்குக் குறைந்தது எழுநூற்றைம்பது ஆண்டு வயது.

அந்த வழக்கம் முதலில் ஆட்டம் கண்டது ஆற்றல் மாறியபோது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கரியில் ஓடும் நீராவிக் கப்பல் பாய்மரத்தின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. ஆழமில்லாத பாக் விரிகுடாவில் தோணிக்கும் வத்தைக்கும் இடமிருந்தது, பெரிய நீராவிக் கப்பலுக்கு இல்லை. 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இலங்கைப் போக்குவரத்தின் பாதை மாறியது. ரயில் வராத தொண்டி ஓரங்கட்டப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, நீராவியைத் தமிழ் வணிகர் கைக்குக் கொண்டுவரும் முயற்சி ஒன்று தெற்கே தூத்துக்குடியில் நடந்திருந்தது. 1906இல் பத்து லட்ச ரூபாய் மூலதனத்துக்குப் பங்கு திரட்டிப் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனியை நாம் வ.உ.சிதம்பரனாரின் தியாகமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அது வணிகர்களும் நிலக்கிழார்களும் சேர்ந்து தொடங்கிய தொழில் முயற்சியும்கூட. அதன் தலைவராக இருந்தவர் ராமநாதபுரம் சேதுபதி மரபோடு உறவுடைய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவியவரும் அவர்தான். பணம் திரண்டது, கப்பல் வந்தது, மக்களும் ஏறினார்கள். ஆனால் வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நசுக்கியது, அரசு அதன் பக்கம் நின்றது, வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. ஆற்றல் மாறும் காலத்தில் மூலதனமும் மக்கள் ஆதரவும் இருந்தும், விதிமுறை எதிர்ப்பக்கம் இருந்தால் எதுவும் நிலைக்காது என்பதற்கு நம் வரலாற்றில் இதைவிடத் துலக்கமான சான்று இல்லை.

மேற்கு மாவட்டங்களின் கதை வேறு விதமாக நடந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோயம்புத்தூரைச் சுற்றி நூற்பாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. 1933இல் தென்னிந்திய ஆலைகள் சங்கம் உருவானது. மின்சாரமும் சங்கமும் அங்கே ஏறத்தாழ ஒரே வயதுப் பிள்ளைகள். பஞ்சு விலையைப் பேசிய அதே கூட்டத்தில் மின்கட்டணத்தையும் பேச வேண்டியிருந்தது. நூலின் அடக்கவிலையில் மின்செலவு பெரும் பங்கு. இதனால் அந்த முதலாளிகள் மின் வாரியத்தின் சுற்றறிக்கையைப் படிக்கவும், மனுப் போடவும், வழக்காடவும் இரண்டு மூன்று தலைமுறைகளாகப் பழகியிருந்தார்கள். ராமநாதபுரத்தில் பெரிய மின்நுகர்வோர் என்று சொல்லத்தக்க ஆலைகள் எழவில்லை. மின்சாரம் இங்கே கம்பியின் கடைக்கோடியில் வந்து சேர்ந்தது. கடைக்கோடியில் இருப்பவருக்கு மின்சாரம் வந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. அதன் விலையும் விதியும் எப்படி அமைய வேண்டும் என்று கேட்கும் நிலைமை அவருக்கு வாய்ப்பதில்லை.

காற்றாலைக் காலம் வந்தபோது இந்த வேறுபாடு பலனைக் காட்டியது. நாட்டின் காற்றையும் வெயிலையும் அளந்து எண்களாக்கிய பணியில் வானிலை அறிஞர் அன்னா மாணிக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய சூரியக் கதிர்வீச்சுத் தொகுப்புகள் 1980, 1981இலும், காற்று ஆற்றல் பற்றிய தொகுப்பு 1983இலும் வெளிவந்தன. 1986இல் தொடங்கி 1993 வரை தமிழ்நாடு மின்சார வாரியம் தானே முன்னின்று 120 காற்றாலைகளை மாதிரிக்காக நிறுவியது. மொத்தத் திறன் இருபது மெகாவாட்டைக்கூடத் தொடவில்லை. இன்று ஒரே வரிசையில் நிற்கும் ஏழெட்டு புதிய காற்றாலைகள் தரும் திறன் அது. ஆனால் வழி தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் மின்சாரம் விற்க வந்தவர்கள் அல்லர்; தங்கள் ஆலைக்கு மின்சாரம் தேடி வந்தவர்கள். தெற்கே முப்பந்தலில் சுழலும் காற்றாலைக்கும் கோவையில் ஓடும் நூற்புக் கதிருக்கும் இடையே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். வாரியத்தின் கம்பி வழியாக மின்சாரத்தைக் கொண்டுசெல்ல அனுமதி வேண்டும். காற்று வைகாசியில் எழுந்து புரட்டாசியில் அடங்கும்; ஆலையோ ஆண்டு முழுவதும் ஓடும். அறுவடைக் காலத்தில் பத்தாயத்தில் நெல் கொட்டிவைத்து ஆண்டு முழுக்க எடுத்துக்கொள்வதுபோல், காற்றுக் காலத்து யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்துப் பிறகு எடுத்துக்கொள்ள வழி வேண்டும். இந்த இரண்டும் தமிழ்நாட்டில் கிடைத்தன. யூனிட் சேமிப்புக்குக் கட்டணமாக அதிலேயே ஒரு சிறு பங்கை வாரியம் பிடித்துக்கொண்டது. எந்திரத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளும் சலுகையை மத்திய அரசு கொடுத்தது. 1996இல் காற்றாலை உரிமையாளர்கள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் காற்று மின் சங்கத்தைத் தொடங்கினார்கள். தென்னிந்திய ஆலைகள் சங்கம் ஏற்கெனவே களத்தில் இருந்தது; திண்டுக்கல்லைச் சேர்ந்த தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கமும் இதில் பங்கெடுத்தது.

2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வந்த பிறகு பேச்சுவார்த்தையின் களம் அமைச்சர் அறையிலிருந்து ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணைக் கூடத்துக்கு நகர்ந்தது. காற்று மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு என்ன விலை, கம்பிக்கு என்ன வாடகை, சேமிப்புக்கு என்ன கட்டணம் என்பதெல்லாம் அங்கே வரைவாக வெளியிடப்பட்டு, கருத்துக் கேட்கப்பட்டு, ஆணையாக வந்தன. ஒவ்வொரு வரைவுக்கும் ஆலைச் சங்கங்கள் கணக்கோடு பதில் எழுதின. 2008 நவம்பரில் உயரழுத்த நுகர்வோருக்கு 40 சதவீத மின்வெட்டு விதிக்கப்பட்டபோது, சொந்தக் காற்றாலை வைத்திருந்தவர்களின் ஆலைகள் ஓரளவாவது தாக்குப்பிடித்தன. காற்றாலை அன்று வரிச் சலுகைக்கான கருவி என்ற நிலையிலிருந்து பிழைப்புக்கான கருவி என்ற நிலைக்கு வந்தது. மாநிலத்தின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. இதில் பெரும் பகுதி ஒரே பெருநிறுவனத்தின் கையில் குவியாமல், நூற்றுக்கணக்கான ஆலைகளின், தொழிற்கூடங்களின் பெயரில் சிதறிக் கிடப்பது தமிழ்நாட்டுக்கே உரிய தன்மை. சங்கங்கள் கேட்டு வாங்கிய விதிகளின் விளைவு அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். முப்பந்தலுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது, கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. மலை இடுக்கில் புகுந்து வேகமெடுக்கும் காற்று தொண்டிச் சமவெளியில் ஏது, இது இயற்கை கொடுத்த வேறுபாடு, இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்பார்கள். கணவாய்களின் வலிமையை மறுப்பதற்கில்லை. ஆனால் கணவாய் மனிதர் வருவதற்கு முன்பே இருந்தது. 1986க்கு முன் அங்கே பனைமரம்தான் ஆடிக்கொண்டிருந்தது. வெயிலுக்குக் கணவாயும் தேவையில்லை. மழை குறைந்த, மேகம் விலகிய ராமநாதபுரச் சமவெளி சூரிய மின்சாரத்துக்கு ஏற்ற நிலம் என்பது எவருக்கும் தெரியாத ரகசியமல்ல. அப்படியிருந்தும் இந்த மாவட்டத்தின் வெயில் எப்படி, யாரால் மின்சாரமானது என்பதைப் பார்த்தால், இயற்கையை மட்டும் காரணம் சொல்வது நிற்காது.

இதே மாவட்டத்தின் கமுதிதான் அந்தச் சான்று. 2015 ஜூலையில் அதானி குழுமத்துடன் மாநில மின்பகிர்மானக் கழகம் 648 மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போட்டது. விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகளோடு, ஏறத்தாழ 4,550 கோடி ரூபாய்ச் செலவில், 2016 செப்டம்பரில் நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அப்போது பேசப்பட்டது. சீமைக்கருவேலம் மண்டிய வானம் பார்த்த பூமியில் எட்டே மாதத்தில் அவ்வளவு பெரிய நிலையத்தை எழுப்பியது பொறியியல் சாதனை. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூலதனம் வெளியிலிருந்து வந்தது, மின்சாரம் உயரழுத்தக் கம்பியில் ஏறி வெளியே போனது, விலை சென்னையில் முடிவானது. அடுத்த இரண்டே ஆண்டில், 2017இல் தமிழ்நாடே கோரிய ஏலத்தில் சூரிய மின்சாரம் 3.47 ரூபாய்க்கு வந்தது. தகட்டு விலையின் சரிவு இதற்கு முதன்மையான காரணம்தான். ஆயினும் இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை எந்த விலைக்கு, எவ்வளவு பெரிதாக, யாருடைய நன்மைக்காகப் போடுவது என்று கேட்கும் தொழிலினர் குரல் மாவட்டத்துக்குள்ளிருந்து வலுவாக எழுந்திருந்தால், அந்த 648 மெகாவாட்டில் ஒரு பங்காவது உள்ளூர்ப் பங்குதாரர்களின் சிறு நிலையங்களாகப் பிரிந்திருக்கலாம். கோவையின் காற்று அப்படித்தானே நூறு கைகளுக்குப் போனது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வணிகர் சங்கம் தன் உறுப்பினரின் லாபத்துக்காகப் பேசும் அமைப்பு. அதைச் சுற்றுச்சூழலின் காவலனாகச் சித்திரிப்பது ஏமாளித்தனம் என்பது. இதற்குச் சான்றும் உண்டு. தேய்மானச் சலுகைக்காகவே காற்றாலை வாங்கி, அது எவ்வளவு சுழல்கிறது என்று பார்க்காமல் விட்டவர்கள் 1990களில் இருந்தார்கள். 2012இல் அந்தச் சலுகை வெட்டப்பட்டதும் புதிய காற்றாலைகள் நிறுவுவது சட்டென்று சரிந்தது. 2014இல் சலுகை திரும்பிய பிறகே மீண்டது. 2012ஆம் ஆண்டின் சூரிய மின்கொள்கை, பெரிய நுகர்வோர் தம் பயன்பாட்டில் 6 சதவீதம் வரை சூரிய மின்சாரம் வாங்கியாக வேண்டும் என்றபோது தொழில்துறையினர் அதை எதிர்த்து வழக்காடினார்கள். 2014 ஜனவரியில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஆணையை ரத்து செய்தது. காற்றைக் கொண்டாடிய துறையே வெயிலைக் கட்டாயமாக்காதே என்றது. யூனிட் சேமிப்பு முறையால் தனக்கு இழப்பு என்று மின்பகிர்மானக் கழகம் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. காற்றுக் காலத்தில் மலிவாகக் கிடைக்கும் யூனிட்டை வாங்கி வைத்துக்கொண்டு, காற்றில்லாத மாதங்களில் விலை உயர்ந்த யூனிட்டைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை கடைசியில் வீட்டு நுகர்வோர் தலையிலும் விடிகிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் முடிவு மாறவில்லை. சங்கம் தன்னலத்துக்காகப் பேசுகிறது என்பது உண்மைதான். அதனால்தான் ஒரு மாவட்டத்தாரின் சங்கங்கள் மட்டும் பேசுவது ஆபத்து. நூற்பாலைக்கு ஏற்ற விதி ஐஸ் ஆலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டுமென்பதில்லை. விசாரணைக் கூடத்தில் ஒரு தரப்பு மட்டும் கணக்கோடு வந்தால் விதி அந்தத் தரப்பின் அளவுக்குத்தான் தைக்கப்படும். அந்தத் தரப்பை வெளியேற்றுவது இதற்கு மருந்தாகாது. மற்றவர்களும் கணக்கோடு உள்ளே வர வேண்டும்.

வராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தொண்டியின் அண்டையிலேயே பாடம் இருக்கிறது. அதே கரையில் உள்ள உப்பூரில் 1,600 மெகாவாட் அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டது. மீனவர்களும் விவசாயிகளும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2021 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. வேண்டாம் என்று சொல்ல இந்தக் கரைக்குத் தெரியும் என்பதை உப்பூர் காட்டியது. எது வேண்டும் என்று சொல்லும் குரல்தான் இன்னும் உருவாகவில்லை. கடலுக்கு அக்கரையில் மன்னார் தீவில் இலங்கை மின்சார சபை 2020 டிசம்பரில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் தம்பபவனி நிலையத்தைத் திறந்தது. இதே காற்று; இதே மீன்பிடிக் கடல். அடுத்த கட்டமாக மன்னாரிலும் பூநகரியிலும் திட்டமிடப்பட்ட அதானி காற்றாலைகளுக்கு உள்ளூர் மக்களும் சூழலியலாளர்களும் எதிர்ப்புக் காட்டினார்கள். விலை பற்றிய தகராறும் சேர்ந்துகொண்டது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. காற்றாலை பசுமையானது என்பதாலேயே கரைவலை இழுப்பவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தமிழ்நாட்டுக்கும் குஜராத்துக்கும் கடலுக்குள் தலா 500 மெகாவாட் காற்றாலை அமைக்க 2024 ஜூனில் மத்திய அரசு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடாவில் தொடங்கும் அந்தப் பேச்சு நாளை பாக் விரிகுடாவுக்கும் வரலாம். வரும்போது மீனவர் சங்கமும் வணிகர் சங்கமும் வேறு வேறு வாசலில் நின்றால், பேசி முடிக்கிறவர் மூன்றாவது ஆளாக இருப்பார்.

பெரிய திட்டத்துக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. மின்விதிகள் இன்று சிறியவர்களுக்கும் கொஞ்சம் கதவு திறந்திருக்கின்றன. 2005ஆம் ஆண்டு விதிப்படி, ஒரு மின்நிலையத்தில் பயன்படுத்துவோர் சேர்ந்து 26 சதவீதப் பங்கு வைத்து 51 சதவீத மின்சாரத்தைத் தாங்களே பயன்படுத்தினால் அது சொந்தப் பயன்பாட்டு நிலையம். கோவை ஆலைகள் பல இந்த வழியில்தான் சேர்ந்து காற்றாலை வைத்தன. முன்பு ஒரு மெகாவாட் தேவை உள்ளவருக்கு மட்டும் கிடைத்த வெளிச்சந்தை மின்சாரத்தை, 2022ஆம் ஆண்டு பசுமை மின்விதிகள் 100 கிலோவாட் தேவை உள்ளவருக்கும் திறந்துவிட்டன. தரிசு நிலத்தில் அரை மெகாவாட் முதல் இரண்டு மெகாவாட் வரை விவசாயிகளும் கூட்டுறவுகளும் சூரிய நிலையம் அமைக்க 2019இல் வந்த பிரதமரின் குசும் திட்டம் வழிவகுத்தது. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை மின்சாரத்தைக் கணிசமாகச் செலவிடும் தொழில்கள் எவை என்று பார்த்தால் ஐஸ் ஆலை, மீன் பதனிடும் கூடம், இறால் பண்ணை, அரிசி ஆலை என்று விரல்விட்டு எண்ணலாம். தனித்தனியே எல்லாம் சிறியவை. சேர்த்து எண்ணினால் ஒரு சூரிய நிலையத்துக்கான தேவை உண்டு. கடலையும் காற்றையும் அளந்து சொல்ல அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையே தொண்டியில் இருக்கிறது. குறைவது இவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைக்கும் பழக்கம். கடனுக்கு யார் பொறுப்பு, பழுதுக்கு யார் பொறுப்பு என்பவை கடினமான கேள்விகள்தான். ஆனால் மரக்கலத்தில் பங்கு போட்டு ரங்கூனுக்கும் கொழும்புக்கும் சரக்கனுப்பிய கரைக்கு அவை புதிய கேள்விகள் அல்ல.

1269இல் தீர்த்தாண்டதானத்தில் கூடியவர்களிடம் அரசன் வந்து வரி கேட்டதாகக் கல்வெட்டு சொல்லவில்லை. அவர்களே கூடினார்கள், அவர்களே விகிதம் வைத்தார்கள். கமுதியின் 7.01 ரூபாயை இந்த மாவட்டத்தில் எவரும் வைக்கவில்லை. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் நழுவிப்போனது காற்றோ வெயிலோ அல்ல, அந்த உரிமைதான். அதைத் திரும்பப் பெற முதல் படி சிறியது. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றிய ஒவ்வோர் ஆணைக்கும் முன்பு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். அடுத்த வரைவு வரும்போது, தொண்டியின் ஐஸ் ஆலைக்காரரும் படகு உரிமையாளரும் இறால் பண்ணையாளரும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு மனு அங்கே போய்ச் சேர வேண்டும்.